புள்ளிக் கணக்கு

காலை எட்டரைக்கு மண்டாயில் நிற்கும் பேருந்தில்
எல்லாரும் புலி பார்க்க வந்தவர்கள்.
அவர்களோடு இறங்கி
நுழைவுச்சீட்டு வரிசைக்கு முன்பே பிரிந்து
பின்கதவு வழியாகப் போகிறேன்.

ஜன்னல் இல்லாத அறை. குளிர்ப்பெட்டியின் உறுமல்.
நாற்பத்தாறு பிளாஸ்டிக் பெட்டிகள்.
பெட்டிக்கு ஒரு நண்டு.
இரண்டாக விட்டால்
விடியும்போது ஒன்றரை இருக்கும்.

தீபாவளி விருந்தில் சித்தப்பா கேட்டார்:
"ஒனக்கு எந்த மிருகம்? யானையா?"
நண்டு என்றேன்.
மேசையே குலுங்கியது.
"மிளகா போட்டா, மிளகு போட்டா?"
நானும்தான் சிரித்தேன்.
முழுசாய் வளர்ந்ததே என் பெருவிரல் அகலம், சித்தப்பா.
பல்லிடுக்குக்கும் காணாது.

இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை இது.
அறிவியல் பெயரின் பின்பாதியில்
நாட்டின் பெயரைச் சுமக்கிறது, தனக்கே தெரியாமல்.
சுற்றிலும் கடல்;
இதுவோ கடலைப் பார்த்ததே இல்லை.
மேட்டுக்காட்டில், கருங்கல் இடுக்கில் கசிகிற,
முழங்கால் நனையாத சில ஓடைகள்.
அவ்வளவுதான் இதன் தேசம்.
தண்ணீரில் புளிப்பு ஏறிப்போன ஓர் ஓடையில்
ஒன்றுகூட மிஞ்சவில்லை என்கிறார்கள்.
அதனால்தான் தினமும் மூன்று வேளை
தண்ணீரின் புளிப்பை அளந்து எழுதுகிறேன்.
ரசத்துக்குக்கூட நான் இவ்வளவு பார்த்ததில்லை.

பத்தொன்பதாம் பெட்டிக்காரிக்குப் பெயர் வைக்கவில்லை.
வைக்கக்கூடாது என்று விதி ஏதும் இல்லை.
ஹிதாயா ஒன்றுக்கு வைத்தாள்.
திங்கட்கிழமை வந்து பார்த்தால் மல்லாந்து கிடந்தது.
அன்று அவள் கோப்பி குடிக்க வரவில்லை.

பத்தொன்பதுக்காரி வயிற்று மடிப்பைத் திறந்த இரவில்
கடுகு கடுகாய், கால் முளைத்த கடுகாய்,
பிறக்கும்போதே நண்டாய்ப் பிறந்தவை
அவள் அடியில் ஒட்டியிருந்தன.
மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.
முப்பத்தொன்று வரை எண்ணினேன்.
பிறகு கண்ணில் நீர் வந்துவிட்டது, கணக்குத் தப்பியது.

நண்டு கொழுத்தால் வளையில் தங்காதாம்.
திமிர் பிடித்தவரைத் திட்டுவதற்கான பழமொழி.
எனக்கு மட்டும் அது வேலை உத்தரவு:
இரத்தப்புழுவும் மட்கிய இலையும் போட்டுக்
கொழுக்க வைக்க வேண்டும்,
வளையில் தங்காமல் போவதற்காகவே.

எந்த ஓடை என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
மழை விட்ட ஒரு பின்மாலை என்று சொல்லலாம்.
ஒவ்வொன்றின் முதுகிலும்
வெள்ளைச் சாயத்தில் ஒரு புள்ளி வைத்து,
டப்பாவைத் தண்ணீரோடு தண்ணீராகச் சாய்த்தோம்.
ஒன்று மட்டும் டப்பாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
நெடுநேரம் விடவில்லை.
பிறந்தது முதல் அதற்குத் தெரிந்த கரை அதுதானே.
யாரும் அவசரப்படுத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து, டார்ச் வெளிச்சத்தில்: ஒன்றுமில்லை.
அடுத்த மாதம்: ஒரு தவளை, ஒரு பால்பாக்கெட், ஒன்றுமில்லை.
"தின்னுட்டுப் போயிருக்கும் ஏதாவது," என்றார் ஆய்வாளர் டியோ.
கொசுக்கடியும் அலுப்புமாகத் திரும்பும்போது
வழுக்கப் பார்த்த என் பூட்ஸுக்குப் பக்கத்தில்
ஒரு கல் நகர்ந்தது.

நண்டு.
முதுகில் புள்ளி இல்லை.

சட்டை உரித்திருக்க வேண்டும்,
அல்லது இங்கேயே பிறந்ததாக இருக்க வேண்டும்.
படிவத்தில் இரண்டு கட்டங்கள்: நம்முடையது, காட்டுடையது.
டியோ பேனாவை நீட்டினார்.
எந்தக் கட்டத்திலும் எழுதாமல்
அது கல்லுக்கடியில் பக்கவாட்டில் மறைகிற வரை
வெளிச்சத்தை அணைத்துவிட்டு நின்றோம்.